மல்லாட்டைக் கணக்கு தெரியாதவர் யார்?

தை பிறந்து இரண்டு வாரம். விழுப்புரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் சமுதாயக் கூடத்தில் நிலக்கடலைப் பயிற்சி முகாம். பிளாஸ்டிக் நாற்காலி, டீ, இரண்டு பிஸ்கட், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து எல்லாம் முறைப்படி நடந்தன. பேச வந்த இளம் அதிகாரி நன்றாகவே பேசினார். ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம், விதைத்த 40ஆம் நாளிலிருந்து 45ஆம் நாளுக்குள், களை கொத்தி மண் அணைக்கும்போது போட்டுவிட வேண்டும். போட்டால் காய் திரளும், பொக்கு குறையும் என்று படம் போட்டு விளக்கினார்.

கடைசி வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். "சார், நான் மார்கழி மொத வாரம் வெத போட்டேன். இன்னியோட 41 நாள். டிப்போவுல கேட்டா ஜிப்சம் இல்லன்றாங்க. எப்ப வரும்?"

"எழுதிப் போட்டிருக்கோம்மா. வந்ததும் சொல்லி அனுப்பறேன்."

அந்த அம்மா உட்கார்ந்தார். கூட்டம் கலைந்ததும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த ஒருவர் என்னிடம் சொன்னார்: "எவ்ளோதான் சொல்லுங்க, நம்ம ஜனங்க மாறாதுங்க சார். அப்பன் பாட்டன் செஞ்சதத்தான் செய்யும்."

அவர் சொன்னது அவருடைய சொந்தக் கருத்து மட்டுமாக இருந்தால் விட்டுவிடலாம். கருத்தரங்குகளில், ஆய்வறிக்கைகளின் முடிவுரையில், தொலைக்காட்சி விவாதங்களில், நகரத்து நண்பர்களின் பேச்சில் எல்லாம் இதே வாக்கியம்தான் கொஞ்சம் நாகரிகமான உடையில் வருகிறது. ஆராய்ச்சி நிலையத்தில் விளைவது இவ்வளவு, விவசாயி எடுப்பது இவ்வளவு, நடுவில் உள்ள இடைவெளிக்குக் காரணம் விழிப்புணர்வு இல்லாமை, ஆகவே இன்னும் பயிற்சி வேண்டும் என்பது அதன் சாரம். இதற்குப் பக்கபலமாக ஓர் ஆதாரமும் காட்டுவார்கள். செயல்விளக்கத் திடலில் விளைச்சல் கூடுதலாகத்தான் வருகிறது, வரப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அதைக் கண்ணால் பார்க்கிறார், பார்த்தும் செய்வதில்லை. அது பிடிவாதம் இல்லாமல் வேறென்ன என்று கேட்பார்கள்.

அது வேறு என்ன என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் 'மாறாத ஜனம்' என்ற பட்டத்தைப் பார்ப்போம். நிலக்கடலை நம் மண்ணின் பயிரே இல்லை. தென் அமெரிக்காவில் பிறந்து கடல் தாண்டி வந்தது. தென்னாற்காட்டு, வடாற்காட்டுப் பக்கம் அதை மணிலாக்கொட்டை என்றும் மல்லாட்டை என்றும் சொல்வதிலேயே அது அயலூரிலிருந்து வந்த கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பூ மேலே பூத்து, காய் மண்ணுக்குள் காய்க்கும் இந்த விசித்திரமான செடியை வாங்கி, மானாவாரிக்கு ஒரு பட்டம், இறவைக்கு ஒரு பட்டம் என்று பிரித்து, ஊடுபயிராகத் துவரையும் காராமணியும் சேர்த்து, லட்சக்கணக்கான ஏக்கரில் நிலைநாட்டியவர்கள் இதே ஜனங்கள்தான். அப்போது யாரும் அவர்களுக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்துப் பாடம் எடுக்கவில்லை.

இன்னொன்று. 1980களின் இறுதியில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 10 லட்சம் ஹெக்டேரில் நிலக்கடலை இருந்தது. ஹெக்டேருக்கு ஒரு டன்னைச் சுற்றியே விளைந்தது. இன்று பரப்பு 4 லட்சம் ஹெக்டேரைச் சுற்றி நிற்கிறது. விளைச்சலோ இரண்டு டன்னைத் தாண்டி, தேசிய சராசரிக்கு மேல் போய்விட்டது. தண்ணீர் இல்லாத மானாவாரி நிலங்கள் கழன்றுகொண்டதால்தான் சராசரி உயர்ந்தது என்று எதிர்த்தரப்பு சொல்லலாம். அதில் பாதிக்கு மேல் உண்மைதான். ஆனால் அந்த உண்மை யார் பக்கம் பேசுகிறது? கிணறும் மின் இணைப்பும் இருந்தவர்கள் புது முறைகளை எடுத்துக்கொண்டார்கள். இல்லாதவர்கள் பயிரையே விட்டுவிட்டார்கள். எடுத்துக்கொண்டவர்களுக்குக் கூடுதல் அறிவும், விட்டவர்களுக்குக் குறைந்த அறிவும் இருந்தது என்று யார் சொல்ல முடியும்? ஒரே தெருவில் அண்ணனும் தம்பியுமாக இருப்பார்கள். அண்ணன் பங்கில் கிணறு விழுந்திருக்கும், தம்பி பங்கில் விழுந்திருக்காது. வித்தியாசம் அவ்வளவுதான்.

பழமையைப் பிடித்துத் தொங்குவதற்கு உதாரணமாக அடிக்கடி காட்டப்படுவது டி.எம்.வி. 2 ரகம். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940இல் வெளியிட்டது. அதற்குப் பிறகு டி.எம்.வி. 7, வி.ஆர்.ஐ. 2 என்று வரிசையாக எத்தனையோ ரகங்கள் வந்தும், தென்னிந்தியாவில் பல இடங்களில் பல பத்தாண்டுகள் கழித்தும் டி.எம்.வி. 2தான் வயலில் இருந்தது. "பாருங்கள், தாத்தா காலத்து ரகம்" என்று சிரிப்பார்கள். அந்த ரகமே குடியாத்தம் பக்கம் விவசாயிகள் வைத்திருந்த கொத்து ரக நிலக்கடலையிலிருந்து தேர்ந்தெடுத்ததுதான் என்பதைச் சிரிப்பவர்கள் சொல்வதில்லை. புது ரகம் ஏன் வயலுக்கு வரவில்லை என்ற கேள்விக்கு விடை விவசாயியின் மண்டைக்குள் இல்லை. அது விதைக் கிடங்கில் இருக்கிறது.

இந்த விதைக் கணக்கை நிதானமாகப் போட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மொத்த வாதமும் இங்கேதான் நிற்கிறது. வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி ஹெக்டேருக்கு 125 கிலோ விதைப் பருப்பு, அதாவது ஏக்கருக்கு 50 கிலோ. உடைக்காத காயாகக் கணக்கிட்டால் 70 கிலோவுக்கு மேல். ஒற்றை நாற்று நெல்லுக்கு ஏக்கருக்கு மூன்று கிலோ விதை போதும். எள்ளுக்கு இரண்டு கிலோ. அந்த விதையைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்துவிடலாம். மல்லாட்டை விதைக்கு வண்டி வேண்டும், கையில் ரொக்கம் வேண்டும்.

பெருகுவதிலும் இது கஞ்சப் பயிர். ஒரு கிலோ நெல் விதைத்து நூறு கிலோவுக்கு மேல் எடுக்கலாம். நிலக்கடலை ஒன்றுக்கு எட்டு, பத்து என்ற அளவில்தான் விதையாகத் திரும்பிவரும். வல்லுநர் விதை, ஆதார விதை, சான்று விதை என்று ஒவ்வொரு படியும் ஒரு பருவம். ஒவ்வொரு படியிலும் எட்டு மடங்கோ பத்து மடங்கோதான் ஏறும். ஒரு லட்சம் ஹெக்டேருக்குப் புது ரகம் போய்ச் சேர வேண்டுமானால் 12,500 டன் விதைப் பருப்பு கையில் இருக்க வேண்டும். தனியார் விதைக் கம்பெனிகள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால் ஒருமுறை வாங்கிய விவசாயி அடுத்த ஆண்டு தன் விதையையே எடுத்து வைத்துக்கொள்வார். சரக்கு இடத்தை அடைக்கும், முளைப்புத்திறன் சீக்கிரம் குறையும், வண்டு விழும். லாபம் இல்லாத வியாபாரம். ஆக, அரசு விதைப்பண்ணை கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. விதை கிடைக்காத ரகத்தை விதைக்கவில்லை என்று ஒரு மனிதரைக் குற்றம் சொல்வது எந்த ஊர் நியாயம்?

விதை கிடைத்தபோது என்ன நடந்தது என்பதற்கும் சாட்சி உண்டு. ஆந்திராவின் கதிரி ஆராய்ச்சி நிலையத்து லேபாக்ஷி ரகம் விவசாயிகள் கைமாற்றிக் கைமாற்றியே வேகமாகப் பரவியது. நல்ல விளைச்சல் என்று தெரிந்தால் விவசாயி மாவட்டம் தாண்டிப் போய் விதை வாங்கி வருகிறார். 'மாறாத ஜனம்' இப்படியா நடந்துகொள்ளும்?

இனி அந்த அம்மா கேட்ட ஜிப்சம். கல்லூரியில் படித்தால்தான் இது புரியும் என்று நினைக்கிறோம். மல்லாட்டைக்காரர்களுக்கு அனுபவத்தில் தெரிந்த விஷயம்தான்: பூ வாடியதும் கீழ்நோக்கி ஊசி இறங்கும், அந்த ஊசி மண்ணுக்குள் போன பிறகுதான் காய். காய்க்குத் தேவையான சுண்ணாம்புச் சத்தை வேர் மேலே அனுப்பித் திரும்பக் கீழே இறக்கிக் கொடுப்பதில்லை. காய் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தானே உறிஞ்சிக்கொள்கிறது. அதனால்தான் ஜிப்சத்தைச் செடியின் காலடியில், ஊசி இறங்கும் நேரத்தில் போடச் சொல்கிறார்கள். மிகச் சரியான பரிந்துரை. அதில் எனக்கு ஒரு சொட்டும் சந்தேகம் இல்லை. ஆனால் இறவைப் பயிரில் அந்தப் பரிந்துரையின் ஆயுள் ஐந்தாறு நாள். அந்த நாட்களில் மூட்டை வீட்டில் இருக்க வேண்டும், நிலத்தில் ஈரம் இருக்க வேண்டும், களை கொத்த ஆள் கிடைக்க வேண்டும். மூன்றும் ஒன்றாகக் கூடாவிட்டால் அறிவியல் படத்தோடு நின்றுவிடும். இதில் மூட்டையைக் கொண்டுவந்து சேர்ப்பது விவசாயியின் பொறுப்பில் இல்லை.

ஆள் கிடைப்பது என்றேன். அதைப் பற்றிப் பயிற்சி ஏடுகளில் ஒரு வரிகூட இருக்காது. வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் என்று அச்சடித்துவிடலாம். ஏர் சாலில் குனிந்தபடி ஒவ்வொரு பருப்பாக அந்த இடைவெளியில் போடுவது ஒரு பெண்ணின் இடுப்பு. விதைக்கு முன் காயைக் கையால் உடைப்பது பெண்கள். இயந்திரத்தில் உடைத்தால் தோல் கிழிந்து முளைப்பு போகும் என்பதால் விதைக்கு இன்றும் கைதான். களை கொத்துவது பெண்கள். செடியைப் பிடுங்கிய பிறகு காய் ஆய்வதும் பெண்கள். புதுமுறை என்று சேர்க்கப்படும் ஒவ்வொரு வேலையும், விதை நேர்த்தி, வரிசை விதைப்பு, மண் அணைப்பு, தரம் பிரிப்பு என எதை எடுத்தாலும், முக்கால்வாசி அவர்கள் நாளில்தான் போய் உட்காருகிறது. பயிற்சிக்குக் கையெழுத்துப் போடுவது பட்டா பெயரில் உள்ள ஆண். வேலையைக் கணக்கில் எடுக்காமல் முறையை மட்டும் சொல்லிவிட்டு, "பின்பற்றவில்லை" என்று எழுதிக்கொள்கிறோம்.

தனி ஒருவர் செய்யவே முடியாத முறைகளும் உண்டு. மானாவாரிக் கடலையைச் சிவப்புக் கம்பளிப்புழு அழிக்கும். கோடை மழை பெய்ததும் மண்ணுக்குள்ளிருந்து அந்துப்பூச்சி கிளம்பிவரும்; அந்த இரவுகளில் சொக்கப்பனை மாதிரித் தீ மூட்டியும் விளக்குப்பொறி வைத்தும் அழிக்க வேண்டும் என்பது பரிந்துரை. ஊரே ஒரே இரவில் செய்தால் பலன். நான் மட்டும் என் வரப்பில் நெருப்பு வைத்தால் பக்கத்துக் கொல்லைப் பூச்சிக்கும் சேர்த்து நானே விருந்து வைத்த கதை. அதேபோல, விதைத்த பருப்பைக் கிளறித் தின்னும் மயிலுக்கும், காய் பிடித்ததும் இரவோடு இரவாகக் கொல்லையை உழுதுவிட்டுப் போகும் காட்டுப்பன்றிக்கும் எந்த உயர் தொழில்நுட்பக் கையேட்டில் பதில் இருக்கிறது? செஞ்சி மலைப் பக்கமும் ஜவ்வாது மலை அடிவாரத்திலும் போய்க் கேளுங்கள். ராத்திரிக் காவலுக்குக் கட்டில் போட்டுப் படுப்பதைவிடச் சவுக்கு வைத்துவிட்டுத் தூங்குவது மேல் என்பார்கள்.

இத்தனையும் மீறி ஒருவர் எல்லா முறையையும் கடைப்பிடித்து நல்ல சரக்கை விளைவித்தார் என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு விலை உண்டா? பூஞ்சாணம் பிடிக்காத கடலையை உலகம் கேட்கிறது. அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் வரம்பு, நேரடியாக உண்ணும் கடலையில் நூறு கோடியில் நான்கு பங்கு. அதைத் தடுக்க அறுவடைக்கு முந்தைய வாரங்களில் நிலம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், காயைத் தார்ப்பாயில் சரியாகக் காயவைக்க வேண்டும், பிஞ்சையும் உடைந்ததையும் பொறுக்கிக் கழிக்க வேண்டும். நல்லது. ஆனால் உள்ளூர் வியாபாரி என்ன செய்கிறார்? நாலு காயை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்ப்பார், ஒன்றை உடைத்து வாயில் போடுவார், விலை சொல்வார். நஞ்சு இருக்கிறதா என்று சோதிப்பவரும் இல்லை, இல்லை என்றால் கூட்டிக் கொடுப்பவரும் இல்லை. ஒரு வாரக் கூடுதல் உழைப்புக்கு ஒரு ரூபாய்கூட ஏறாது என்று தெரிந்தவர் அந்த உழைப்பைப் போடாமல் இருப்பது சோம்பேறித்தனமா, சிக்கனமா?

மேலே டெல்லியில் நடப்பதையும் பார்த்துவிடலாம். 1986இல் எண்ணெய்வித்துத் தொழில்நுட்ப இயக்கம் வந்தது. மஞ்சள் புரட்சி என்று கொண்டாடினோம். 1994இல் பாமாயில் இறக்குமதிக் கதவு திறந்தது. இன்று நாம் பயன்படுத்தும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு. 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கான அடிப்படை இறக்குமதி வரியை 20 சதவீதம் ஆக்கினார்கள். அடுத்த மாதமே 10,103 கோடி ரூபாயில் எண்ணெய்வித்துகளுக்கான தேசிய இயக்கத்தை அறிவித்தார்கள். 2025 மே மாதக் கடைசியில் அதே வரியை 10 சதவீதமாகப் பாதியாக்கினார்கள். ஒரு கை விதை கொடுக்கிறது, மறு கை இறக்குமதிக் கதவைத் திறந்துவிடுகிறது. நிலக்கடலைக்கு 2025-26இல் குவிண்டாலுக்கு 7,263 ரூபாய் குறைந்தபட்ச ஆதரவு விலை என்கிறது அறிவிப்பு; அந்த விலைக்குத்தான் வாங்க வேண்டும் என்று தனியார் வியாபாரியைக் கட்டுப்படுத்தும் சட்டம் இல்லை. நம் மாநிலத்து ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்கு விற்பது என்ன எண்ணெய்? பாமாயில். ஏழைக்கு மலிவான எண்ணெய் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. மல்லாட்டை விளைவிக்கும் வீட்டு அடுப்பிலேயே மலேசியா, இந்தோனேசியா எண்ணெய் காயும்போது, "விளைச்சலைப் பெருக்குங்கள்" என்று அந்த வீட்டுக்காரருக்குப் பாடம் எடுப்பது விசித்திரமாக இல்லையா என்றுதான் கேட்கிறேன். ரேஷனில் கடலை எண்ணெய் கொடுங்கள் என்று விவசாயிகள் பல காலமாகக் கேட்கிறார்கள். விழிப்புணர்வு இல்லாதவர்கள் கேட்கிற கேள்வியா இது?

செயல்விளக்கத் திடலுக்கு வருகிறேன், எதிர்த்தரப்பின் வலுவான வாதம் அது. அங்கே விளைவது பொய்யில்லை. ஆனால் அந்தத் திடலுக்கு விதை திட்டத்தில் வரும், ஜிப்சம் நாள் தவறாமல் வரும், 'நிலக்கடலை ரிச்' என்ற ஊட்டச்சத்துக் கலவை பூக்கும்போது ஒரு தடவையும் காய் பிடிக்கும்போது ஒரு தடவையும் வந்து நிற்கும், அதிகாரி வாரம் ஒருமுறை வந்து பார்ப்பார். தண்ணீர் உள்ள நிலமாகப் பார்த்துத்தான் இடத்தையே தேர்ந்தெடுப்பார்கள். தோற்றுப்போனால் நஷ்டம் திட்டத்துக்கு. வரப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பார்ப்பது விளைச்சலை மட்டுமில்லை, இத்தனையையும் சேர்த்துத்தான். அவர் தோற்றால் நகை அடகுக் கடைக்குப் போகும். வாய்வார்த்தைக் குத்தகைக்கு உழுபவர் என்றால் சிட்டாவும் அடங்கலும் வேறொருவர் பெயரில் இருக்கும். மானியமும் பயிர்க் காப்பீடும் நிலத்துச் சொந்தக்காரர் மனசு வைத்தால் உண்டு. நல்ல ஆண்டில் கூடுதலாக இரண்டு மூட்டை கிடைப்பதைவிட, கெட்ட ஆண்டில் கடன்படாமல் இருப்பது அவருக்குப் பெரிது. செலவைக் குறைத்துவைத்து இழப்பையும் குறைத்துக்கொள்கிறார்.

இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பும் இல்லை. பொருளியல் அறிஞர் தியோடர் சுல்ட்ஸ் 1964இலேயே, உத்தரப் பிரதேசத்துச் சேனாப்பூர் கிராமத்தையும் சான்றாகக் காட்டி, மரபு வழி விவசாயி ஏழைதான், ஆனால் கையில் உள்ளதைத் திறமையாகவே பயன்படுத்துகிறார் என்று வாதிட்டார். 1979இல் நோபல் பரிசும் பெற்றார். நம் விரிவாக்கப் பாடத்திட்டம் அவரைவிட எவரெட் ரோஜர்ஸைத்தான் அதிகம் ஓதுகிறது. புதுமையை ஏற்கும் வேகத்தை வைத்து மக்களை ஐந்து வகையாகப் பிரித்த அவர், கடைசி 16 சதவீதத்துக்குப் 'பின்தங்கியோர்' என்று பெயர் வைத்தார். எந்த ஊரில் எந்த முறையைக் கொண்டுபோனாலும் கடைசியில் வருகிற 16 சதவீதம் இருக்கத்தான் செய்யும். வரிசை என்றால் கடைசி ஆள் இருப்பார். அந்த இடத்துக்கு வைத்த பெயரை அந்த ஆளின் குணமாக்கிவிட்டோம்.

அறியாமையே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. மருந்துக் கடைக்காரர் கலந்து கொடுத்த இரண்டு மூன்று மருந்தை ஒன்றாக அடிப்பவர்கள் இருக்கிறார்கள். டிக்கா இலைப்புள்ளியைப் பார்த்து, பயிர் முற்றிவிட்டது, அதனால்தான் இலை உதிர்கிறது என்று விட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள். அங்கெல்லாம் பயிற்சி வேண்டும், நல்ல பயிற்சி வேண்டும். ஆனால் விதை, மூட்டை, ஆள், விலை, பாதுகாப்பு என்ற ஐந்தும் அமைந்த பிறகும் ஒருவர் மாறவில்லை என்றால்தான் அவருடைய அறிவைப் பற்றிப் பேசும் உரிமை நமக்கு வரும். அந்த ஐந்தும் அமைந்த இடங்களில் மாறாதவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

'விழிப்புணர்வு இல்லை' என்ற விளக்கம் ஏன் இவ்வளவு பிரியமாக இருக்கிறது என்றும் யோசிக்கலாம். பயிற்சி முகாம் நடத்துவது எளிது. ஒரு நாளில் முடியும், படம் எடுக்கலாம், எண்ணிக்கை காட்டலாம். விதைப்பண்ணையைப் பெருக்குவதும், 40ஆம் நாளுக்கு முன் மூட்டையை டிப்போவில் இறக்குவதும், தரத்துக்கு விலை வைப்பதும், குத்தகைதாரரைப் பதிவேட்டில் ஏற்றுவதும் கடினம். கடினமானதைச் செய்யாதவர்களுக்கு, கேட்க வந்தவரின் மண்டையில் குறை காண்பது வசதி.

அந்த அம்மாவின் ஊருக்குப் பிறகு போன் செய்து கேட்டேன். ஜிப்சம் வந்துவிட்டது. அன்றைக்கு அவருடைய மல்லாட்டைக்கு 68ஆம் நாள்.

வேளாண் துறையில் இருக்கும் நண்பர்களிடம் என் கோரிக்கை சிறியது. அடுத்த முகாமில் வருகைப் பதிவேடு போடும்போது இரண்டு பத்திகள் கூடுதலாகச் சேருங்கள். இந்த ஊருக்கு விதை எந்தத் தேதியில் வந்தது, ஜிப்சம் எந்தத் தேதியில் வந்தது. பயிர் வைத்தவர் விதைத்த தேதியைப் பக்கத்தில் எழுதுங்கள். மூன்று தேதிகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, மாறாதவர் யார் என்று பிறகு பேசலாம்.